இலைக் களவு

"இலை களவெடுக்கவும் ஆள் இருக்கா இந்த இரத்தோட்டையில? வெளிய வாடி, றாபியா!"

அஞ்சலா கையிலிருந்த ஆஸ்பத்திரிப் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. ஆப்பரேஷன் முடிந்து இருபது நாள் கழித்து பஸ்ஸிலிருந்து இறங்கியவள், தன் வாசல் வேலியோரம் நின்ற ஆடாதோடைச் செடியைப் பார்த்ததும் நேராகப் பக்கத்து வீட்டுக்கு நடந்துவிட்டாள். செடியில் ஓர் இலைகூட இல்லை. வெறும் குச்சி.

றாபியா முக்காட்டை இழுத்துவிட்டபடி வந்தாள்.

"யா அல்லாஹ், வந்ததும் வராததுமா கத்தாத. தையல் பிரிஞ்சிரும். இரு, தேத்தண்ணி ஊத்துறேன்."

"தேத்தண்ணி கெடக்கட்டும். இலை எங்க?"

"எங்க வீட்டு ஆளுக்குச் சளி. கசாயம் வெச்சேன்."

"சளிக்கு நாலு இலை போதும். நீ செடியவே மொட்டையடிச்சிருக்க. அவரு என்ன யானையா?"

சொல்லும்போதே அஞ்சலாவுக்கு அழுகை முட்டியது. அந்த இலையை மாட்டு மூத்திரத்தில் ஊறவைத்து வாரம் ஒரு தரம் அடித்தால்தான் அவளுடைய போஞ்சிக் கொடியில் பூச்சி அண்டாது. கடை மருந்து வாங்க வழியில்லாதவளுக்கு அந்தச் செடிதான் மருந்துக்கடை. இந்த வாரம் முதல் பறிப்பு. மூன்று வாரமாக மருந்து அடிக்க ஆளில்லை. இனி அடிக்க இலையும் இல்லை.

"தனி ஆளு நான். போஞ்சி போச்சுன்னா என்னத்தடி திங்கிறது?"

"மூணு வருசமா அதுக்கு என்ன அடிக்கிறன்னு கேட்டேன். வாயத் தொறந்தியா நீ? இப்ப எங்கிட்ட நியாயம் கேக்க வந்துட்ட." றாபியா சிரித்தாள் வேறு.

அந்தச் சிரிப்பைத்தான் பொறுக்க முடியவில்லை. அஞ்சலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் சரிவில் இறங்கினாள்.

போஞ்சிக் கொடிகள் கம்பு முழுக்கப் பச்சையாகப் படர்ந்திருந்தன. ஓர் இலையிலும் ஓட்டை இல்லை. காய்கள் கொத்துக்கொத்தாகத் தொங்கின. காற்றில் அதே நாற்றம். அவள் யாருக்கும் சொல்லித்தராத மருந்தின் நாற்றம்.

"எனக்கும் மூக்கு இருக்குல்ல?" பின்னால் வந்த றாபியா கேட்டாள். "வாடை சரியா வந்திருக்கா பாரு."

அஞ்சலா திரும்பினாள். வேலிக்கு அந்தப் பக்கம் றாபியாவின் போஞ்சி இலைகள் சல்லடையாகத் தொங்கிக்கொண்டிருந்தன.

"அங்க என்னத்தப் பார்க்கிற? உன் செடியில ஒரு தோட்டத்துக்குத்தான் இலை இருந்திச்சு."