பெயர் வைக்காத இருவாட்சி

“கூண்டத் தெறந்து ஒரு மாசமாச்சுக்கா. றெக்கையும் நல்லாயிருச்சு. இருவாட்சி ஏன் இன்னும் காட்டுக்குப் போகல? யாராச்சும் கூப்பிட்டுப் பழக்குறீங்களா?” என்று கேட்டாள், வனவிலங்குக் காப்பகத்திலிருந்து மலேசியாவின் செமோரில் நவமணியின் வீட்டுக்கு வந்திருந்த சாந்தினி.

நவமணி சமையலறையில் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தாள். “பழக்கக் கூடாதுன்னுதான் அதுக்குப் பேருகூட வைக்காம இருக்கேன் லா.”

“மனுசக் குரலுக்கு இறங்கி வந்தா, யாராச்சும் புடிச்சு வித்துருவாங்கக்கா.”

“ஏங்க, இந்தப் புள்ள சொல்றதக் கேட்டீங்களா? இங்க வாங்க!” என்று பின்வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள் நவமணி.

ரம்புத்தான் மரத்திலிருந்து இருவாட்சி பறந்து வந்து, சன்னலில் உட்கார்ந்து அலகைத் திறந்தது.

சாந்தினி மெதுவாகச் சொன்னாள். “அக்கா, அண்ணன் தவறி மூணு மாசமாச்சு.”

“தெரியும்மா. வாய்க்குத்தான் தெரியல.”

குஞ்சாக விழுந்து கிடந்த அதை எடுத்து வந்தவர் அவர்தான். நவமணி ‘ஏங்க’ என்றதும் வந்து, அவள் நறுக்கிய பப்பாளியை வாங்கி அதற்கு ஊட்டுவார். அந்த ‘ஏங்க’வைத் தன் பெயர் என்றே பறவை நினைத்துவிட்டது.

“அப்ப அண்ணனப் பேரச் சொல்லிக் கூப்பிட்டுக்குங்கக்கா. அது வராது.”

“புருசன் பேரயா? நல்லா சொன்ன போ!”

அன்றோடு நவமணி அந்த வார்த்தையை விட்டாள். இருவாட்சி சில நாள் சன்னலுக்கு வந்து காத்திருந்தது. பிறகு மலைப்பக்கம் போனது, திரும்பவில்லை.

அவள் கணவரின் பெயர் பத்துமலை; முருகனின் குகைக் கோயில் இருக்கும் மலையின் பெயர். இப்போதும் தைப்பூசத்துக்குக் கிளம்பும்போது, “குகைக் கோயிலுக்குப் போயிட்டு வாரேன்” என்றுதான் நவமணி சொல்கிறாள்.