கேதீஸ் அண்ணையின் கைராசி

முன் சில்லுகளுக்கடியில் தேசிக்காய்களை வைத்துவிட்டுப் பின்னால் வந்து குந்தியபோதுதான் கேதீஸ்வரன் அந்தத் தகட்டைப் பார்த்தார்.

ஜீப்பின் இழுவைக் கம்பியில் ஒட்டியிருந்த சின்னத் தகடு. இது இழுக்கக்கூடிய பாரம் அதிகபட்சம் இரண்டாயிரம் கிலோ என்று அதில் போட்டிருந்தது.

அந்தக் கம்பியில் கொழுவியிருந்த காரவன் என்ற சில்லு வைத்த வீட்டுக்கும் ஒரு தகடு உண்டு. அதில் இரண்டாயிரத்து அறுநூறு. அதுவும் வெறும் காரவனுக்கு. உள்ளே அரிசி மூட்டை, கிரைண்டர், இடியப்பச் சட்டி, இரண்டு காஸ் சிலிண்டர். கௌசிகன் குடும்பம் விடுமுறைக்குப் போகிற டௌப்போ ஏரிப் பக்கம் கடைகளே இல்லை என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

கேதீஸ்வரன் இரண்டு தகட்டையும் இன்னொரு தரம் வாசித்தார்.

பாபடோயிட்டோய் என்ற இந்த வெளிநாட்டுப் புறநகரில் இருக்கும் ஊர்ச்சனம் வாகனம் வாங்கினால் கேதீஸ் அண்ணை வந்து பார்க்க வேண்டும். முதல் ஓட்டமும் அவர்தான் ஓட வேண்டும். அவர் கைபட்ட வண்டியில் கீறல்கூட விழாது என்பது பேச்சு. போதாததற்கு அவருக்கு விமான நிலையத்தில் வேலை. பயணப் பொதிகள் ஏற்றிய வண்டில்களை ரயில்போலக் கோத்து இழுத்துக்கொண்டு திரிபவர். இழுவையைப் பற்றி அவரை விட்டால் வேறு யாரைக் கேட்பது?

கௌசிகனும் அவரைத்தான் கேட்டான். சென்ற மாதம், இந்தக் காரவனை வாங்குமுன். கேதீஸ்வரன் ஜீப்பின் சில்லுக்கு ஓர் உதை கொடுத்துவிட்டு, நாலு சில்லும் சேர்ந்து இழுக்கிற ஜீப், மலையைக் கட்டினாலும் இழுக்கும் என்றார். கௌசிகனின் மனைவி சோபனா பாரத்தைப் பற்றி ஏதோ கேட்கத் தொடங்கினாள். அதெல்லாம் எங்களுக்குத் தெரியும் தங்கச்சி என்று சிரித்து முடித்துவிட்டார்.

அன்றைக்கு அவர் குனிந்து பார்க்கவில்லை. குனிந்தால் தெரியாதவர் என்று நினைத்துவிடுவார்களே.

இழுக்கும், அதில் சந்தேகமில்லை. தெற்கே போகும் மோட்டார்வேயில் பொம்பே மலை இறக்கத்தில் நிற்குமா என்பதுதான் கேள்வி. பின்னால் வருகிற பாரம் ஜீப்பைத் தள்ளத் தொடங்கினால் பிரேக் என்ன செய்யும்? பின் இருக்கையில் கௌசிகனின் பிள்ளைகள் இரண்டு பேரும் அப்போதே பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, போவோம் போவோம் என்று இங்கிலிஷில் கத்திக்கொண்டிருந்தார்கள்.

சொல்லிவிடலாம். எழுந்து நின்று, பார்க்காமல் சொல்லிவிட்டேன், பிழை என்னுடையது என்று ஒரு வசனம்.

அவர் எழுந்து நின்றார். வழியனுப்ப வந்த சனம் முற்றம் நிறைய நின்றது. கற்பூரம் எரிந்தது. நாலைந்து பேர் போனைத் தூக்கிப் பிடித்துப் படமெடுத்தார்கள். எல்லோருடைய கண்ணும் அவர்மேல்தான். வெட்கங்கெட்ட மனுசா, பிள்ளைகளின் உயிர் பெரிதா உன் பெயர் பெரிதா என்று தன்னையே திட்டினார். திட்டியும் வாய் திறக்கவில்லை.

பிள்ளைகளை இறக்கச் சொன்னார். முதல் ஓட்டம் தான் தனியாக ஓடப்போவதாகச் சொன்னார். பிள்ளைகள் சிணுங்கினார்கள்.

ஜீப் முன்னே உருண்டது. தேசிக்காய்கள் நசுங்கின. சனம் கை தட்டியது. தெருவில் இறங்குமுன் கேதீஸ்வரன் நிறுத்தினார். பின்னால் ஒருவரும் இல்லை என்று கண்ணாடிகளில் இரண்டு தரம் பார்த்துக்கொண்டார். பிறகு பின் கியரைப் போட்டு, ஸ்டீயரிங்கை ஒரே பக்கமாக முழுதும் ஒடித்து, மிதித்தார்.

காரவன் மடிந்து வந்து ஜீப்பின் பின் மூலையில் ஏறியது. தகரம் நெரிந்தது. விளக்கு நொறுங்கியது. இழுவைக் கம்பி வளைந்துபோனது.

 எல்லோரும் ஒரேயடியாகக் கதைத்தார்கள். கண்ணூறு என்றார்கள். நேரம் சரியில்லை என்றார்கள். அண்ணைக்குச் சீனி கூடிவிட்டது என்றார்கள். ஒருவர் மட்டும், இவரின் கைராசி இன்றோடு முடிந்தது என்று முணுமுணுத்தார். கேதீஸ்வரனுக்கு அது எவ்வளவோ ஆறுதலாக இருந்தது.

கௌசிகன் ஓடிவந்து கதவைத் திறந்தான். அவன் ஏசுவான் என்று அவர் காத்திருந்தார். அவன் அவருடைய தோளைத் தடவினான்.

"யோசிக்காதேங்கோ அண்ணை. இந்த ஜீப் எங்களுக்குச் சரிவரேல்லை, அவ்வளவுதான். அடுத்ததையும் நீங்கள்தான் பார்த்துச் சொல்லவேணும்."

அதற்குப் பதில் அவன் இவருடைய கன்னத்தில் ஒன்று போட்டிருக்கலாம்.

அவன் காப்புறுதிக்காரருக்குப் போன் எடுக்க வீட்டுக்குள் போனான். சோபனா தண்ணீரோடு வந்தாள். கிளாஸை அவர் கையில் கொடுத்துவிட்டு, வளைந்த கம்பியைக் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தபோது அவள் குரல் அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி இருந்தது.

"பின்னுக்கு எடுக்கத் தெரியாத ஆளில்லை நீங்கள். அந்தத் தகட்டை நான் அண்டைக்கே பார்த்தனான் அண்ணை. இவருக்கும் சொன்னனான். கேதீஸ் அண்ணை சரியெண்டால் சரிதான் எண்டிட்டார்."

கேதீஸ்வரன் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.

"அதுதான் இண்டைக்கு முன் சீற்றில இருக்கிறேல்லை எண்டு நினைச்சனான். நடக்கிறது நடந்தால், பின்னால பிள்ளையளோட நானும் இருப்பம் எண்டு."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. வெறும் கிளாஸுக்காகக் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். வாசலில் சனம் செருப்பைத் தேடத் தொடங்கியிருந்தது.

"கௌசிகனைக் கூப்பிடுங்கோ தங்கச்சி," என்றார் கேதீஸ்வரன். "சனம் போகமுன்னம் ஒரு வசனம் சொல்லவேணும்."