கோணல் பின்னல்

"ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் வடிவாப் பின்னி விடுறாய். உன்ர தலையைப் பார், என்ன கோலம் இது?"

பள்ளிக்கூட வாசலிலேயே எமிலியா டீச்சர் லக்சனாவை மறித்துவிட்டார். ஒரு பின்னல் காதுக்குக் கிட்டத் தொடங்கியது, மற்றது பிடரியில். றிபன் எந்த நிமிடமும் கழன்று விழப் பார்த்தது.

டீச்சர் கோபப்பட்டதில் நியாயம் இருந்தது. போன வாரம் நடனப் போட்டிக்குப் போன பத்துப் பிள்ளைகளுக்கும் தலை பின்னி விட்டவள் இந்த லக்சனாதான். ஒரு முடிகூடப் பிசகவில்லை. அப்படிப்பட்ட கைகாரி தன் தலையை மட்டும் இப்படி வைத்துக்கொண்டு வந்தால் அது திமிர் இல்லாமல் வேறென்ன?

"அவிட்டு ஒழுங்காப் பின்னிப்போட்டு உள்ள போ."

"ஏலாது டீச்சர்."

டீச்சரால் தன் காதையே நம்ப முடியவில்லை. இருபத்திரண்டு வருடச் சேவையில் ஒரு பிள்ளையும் முகத்துக்கு நேரே 'ஏலாது' என்று சொன்னதில்லை.

"அப்ப நாளைக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா."

அதுவரை அசையாமல் நின்றவள் கலங்கிப்போனாள்.

"அம்மாவுக்கு மட்டும் சொல்லாதீங்கோ டீச்சர். வெயிலில நிக்கச் சொல்லுங்கோ, நிக்கிறன்."

ஓகோ, வீட்டில் பயம் இருக்கிறது! டீச்சர் விடுவாரா? பள்ளி விட்டதும் லக்சனாவையும் இழுத்துக்கொண்டு எத்தாளையில் இருந்த அவளுடைய வீட்டுக்கே போய்விட்டார்.

லக்சனாவின் தாய் கஜலக்ஷ்மி கதிரையை இழுத்துப் போட வந்தார். முடியவில்லை. விரல் மூட்டுகளெல்லாம் வீங்கிக் கிடந்தன. டீச்சர் தானே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மூட்டுவாதம் டீச்சர். வருத்தம் கையோட நிண்டிருந்தாப் பரவாயில்லை. ஒரு வேலைக்கும் உதவாதவள் எண்டு மனசும் விழுந்துபோச்சு. நாலு மாசம் சுவரைப் பாத்துக்கொண்டு கிடந்தன். இருந்தென்ன, செத்தென்ன எண்டு ஆகிப்போச்சு."

டீச்சர் கொண்டுவந்த கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் இருந்தார்.

"கிளினிக்கில மூட்டுக்குப் பாக்கிற டொக்டர்தான் ஒருநாள், 'மனசு எப்பிடியம்மா இருக்கு?' எண்டு கேட்டார். அங்கேயே அழுதிட்டன். பிறகு அதுக்கும் மருந்து தந்து, இருந்து கதைக்க ஒரு ஆளையும் ஒழுங்குபண்ணித் தந்தார். இப்ப பரவாயில்லை. விடிய எழும்பிடுவன். எழும்பாமல் ஏலுமே? இவளுக்குத் தலை பின்னோணுமே!"

கஜலக்ஷ்மி சிரித்தார்.

"பதினாறு வயசு டீச்சர்! பின்னத் தெரியாதெண்டு ஒருநாள் காலமை என்ர கட்டிலடியில வந்திருந்து அழுதாள். கையைச் சுடுதண்ணிக்குள்ள வைச்செடுத்தால் விரல் கொஞ்சம் மடங்கும். ஒரு மாதிரிப் பின்னி அனுப்பிடுவன். எத்தினை தரம் சொல்லிக் குடுத்தும் இவளுக்கு வருகுதில்லை. நான் இல்லாட்டி இவள் பள்ளிக்கூடமே போகமாட்டாள்!"

சொல்லும்போது அந்த முகத்தில் அப்படி ஒரு பெருமை.

தாய்க்குப் பின்னால் நின்ற லக்சனா, டீச்சரைப் பார்த்துச் சத்தமில்லாமல் கை கூப்பினாள்.

சட்டென்று கஜலக்ஷ்மியின் சிரிப்பு வாடியது. "ஏன் டீச்சர், இவ்வளவு தூரம் வந்திருக்கிறீங்கள்? என்ர பின்னல் சரியில்லையே?"

பொய் சொல்கிற பிள்ளைகளை முழங்காலில் நிறுத்துகிற எமிலியா டீச்சர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பின்னலுக்கு என்ன குறை? இவளைப் பற்றித்தான் சொல்ல வந்தன். நானும் பள்ளிக்கூடத்தில சொல்லிக் குடுத்துப் பாத்திட்டன் லக்சனாட அம்மா. இந்தப் பிள்ளைக்குப் பின்னல் வரவே வராது. நாளைக்கும் நீங்கதான் பின்னி விடோணும்!"