ஏகமனதாக

தலைவர் பதவிக்குத் தன் பெயரை வாசித்தபோது, ஊரில் இன்னொரு செல்லச்சாமி இருக்கிறார் போலிருக்கிறது என்றுதான் அவர் நினைத்தார்.

சமுதாயக்கூடமே திரும்பிப் பார்த்தது. கடைசி வரிசையில், செருப்புகள் கிடந்த வாசலை ஒட்டி உட்கார்ந்திருந்த அவரைத்தான் பார்த்தது.

கபடிக் கழகத்தின் ஆண்டுக் கூட்டம். செல்லச்சாமி இதற்குமுன் ஒரு கூட்டத்துக்கும் வந்தவரில்லை. தீப்பெட்டிக் கம்பெனியில் லோடு ஏற்றுகிறவர். சின்ன வயதில்கூடக் கோட்டைத் தாண்டிப் பாடிப் போனதில்லை.

மகன் கதிரவன்தான் கழகத்துக்கு விளையாடுகிறான். மாவட்ட அணிக்கு அவனை எடுக்கப் போவதாகப் பேச்சு. காலையிலேயே அப்பாவின் வெள்ளைச் சட்டையைத் தேய்த்து வைத்துவிட்டு, "சாயங்காலம் கட்டாயம் வந்துரணும்ப்பா" என்றிருந்தான்.

ஒரு வருஷமாக அவன் அவரிடம் முகம் கொடுத்துப் பேசியதில்லை. அதற்காகவே வந்தார்.

கூட்டத்தில் முதல் பேச்சே மைதானத்தைப் பற்றித்தான். பையன்கள் விளையாடும் இடம் பட்டாசுக் கம்பெனி முதலாளிக்குச் சொந்தம். சும்மா கிடக்கிறது என்று இத்தனை காலம் விட்டு வைத்திருந்தார். போன வாரம் சுற்றிலும் கல் ஊன்றிவிட்டார்கள். முள்கம்பி இழுப்பதுதான் பாக்கி.

பழைய தலைவர் சீனிவாசகம் முதலாளியைப் பார்க்கப் போனபோதெல்லாம் வாட்ச்மேன் முகத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தார். வெயிலில் நின்றதுதான் மிச்சம்.

"என்னால ஆகலப்பா. கேட்டைத் தாண்டி உள்ள போற ஆளாப் பாத்துப் போடுங்க" என்று சொல்லிவிட்டு அவர் மேடையை விட்டு இறங்கினார்.

அதற்கப்புறம்தான் செயலாளர் முனியராஜ் புதுத் தலைவர் பெயரை வாசித்தான்.

செல்லச்சாமி பதறிப்போய் எழுந்தார். "ஏலே, எனக்கு என்னலே தெரியும்? ஒரு பக்கத்துக்கு எம்புட்டுப் பேருன்னுகூடத் தெரியாது."

கூட்டம் சிரித்தது. கேலிச் சிரிப்பில்லை, பாசமான சிரிப்புதான்.

வேறு யாரும் போட்டியிடுகிறார்களா என்று முனியராஜ் கேட்டான். யாரும் வாய் திறக்கவில்லை. போன வருஷம் இதே பதவிக்காக நாற்காலிகள் பறந்த கூடம் அது.

"சம்மதிக்கிறவுக கை தூக்குங்க."

முதலில் உயர்ந்த கை கதிரவனுடையது.

நம்மையும் ஒரு ஆளாக நினைக்கிறானே. வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டிக்கொண்டே செல்லச்சாமி உள்ளுக்குள் கொஞ்சம் பூரித்துப்போனார். மகன் கையைத்தான் தூக்கியிருந்தான், தலையைத் தூக்கவில்லை என்பது அப்போது அவர் கண்ணில் படவில்லை.

ஒவ்வொரு கையாக உயர்ந்து, தூக்காத கையே இல்லை என்றானது.

"ஏகமனதாக!" என்றான் முனியராஜ்.

ஆளுக்கொரு பக்கம் பிடித்து அவரை மேடைக்குக் கூட்டிப் போனார்கள். தோளில் ஒரு துண்டு விழுந்தது. மறுத்துவிடலாம்தான். ஆனால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு மறுப்பார்? மதுரை ஆஸ்பத்திரி வராண்டாவில் அவர் சுருண்டு கிடந்தபோது டீ வாங்கிக் கொடுத்தது இவர்கள். ரத்தம் கேட்டபோது சட்டைக் கையை மடக்கிவிட்டு வரிசையில் நின்றதும் இவர்கள்தான்.

நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். "நான் என்னப்பா செய்யணும்?" என்று முனியராஜிடம் மெதுவாகக் கேட்டார்.

அவன் குனிந்து காதோரம் சொன்னான். "நாளைக்குக் காலையில முதலாளியப் பாக்கப் போறோம் மாமா. நீங்க ஒண்ணும் பேச வேணாம். எங்களுக்கு முன்னால நின்னாப் போதும்."

செல்லச்சாமிக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

போன சித்திரையில் முதலாளியின் பட்டாசு மருந்து அறை வெடித்தபோது உள்ளே இருந்தது வள்ளித்தாய் ஒருத்திதான். அவருடைய மனைவி. கதிரவனின் அம்மா.

ஆஸ்பத்திரியில் அவள் கண்ணை மூடி, உடலை எடுத்த அன்றைக்கு முதலாளி இவர் வீட்டுக்கே வந்திருந்தார். செல்லச்சாமியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, கடைசிவரை நிமிர்ந்து பார்க்க முடியாமல் நின்றார். கதிரவன் சுவரோரம் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். எப்ப வேண்டுமானாலும் வாருங்கள், என் கேட் உங்களுக்குத் திறந்தே இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து செல்லச்சாமி முதலாளியின் தெருப்பக்கம் போனதில்லை. அவருடைய காரைத் தூரத்தில் கண்டாலே சந்துக்குள் நுழைந்துவிடுவார்.

மேடையிலிருந்து மகனைத் தேடினார். கதிரவன் முதல் வரிசையில்தான் இருந்தான். முழங்காலில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியை நகத்தால் பிய்த்துக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

யாரோ மைக்கை அவர் கையில் திணித்தார்கள். "தலைவர் ரெண்டு வார்த்தை பேசுவாரு."

செல்லச்சாமி மைக்கோடு எழுந்தார். தோளிலிருந்து துண்டு நழுவியது, அதை எடுத்து மறுபடியும் போட்டுக்கொண்டார்.

"காலையில எத்தன மணிக்கு வரணும்?" என்றார்.

கூடம் எழுந்து நின்று கைதட்டியது.