வெள்ளைப் பெட்டி யாருடையது?

"ரவுட்டரையும் எழுதுப்பா. ஆன்டெனா எட்டு. எண்ணிக்கையோட எழுது."

பெண்ணின் அப்பா ஹாஜி பயூமி இப்படித்தான் ஆரம்பித்தார் என்று நினைக்கிறேன். எட்டா ஆறா என்பது இப்போது எனக்கு நிச்சயமில்லை. எழுதியது என் கைதான். ஆனால் அந்தத் தாள் அன்றைக்கே கிழிந்துவிட்டது.

ஜகாஸிக் நகரத்தில், கல்யாணத்துக்காக மாப்பிள்ளை வஜ்தி பிடித்திருந்த வீட்டில் காயிமா எழுதிக்கொண்டிருந்தோம். பெண்ணுக்குச் சொந்தமான வீட்டுச் சாமான்களின் பட்டியல் அது. இத்தனையும் அவளுடையவை, என்னிடம் பத்திரமாக இருக்கின்றன என்று மாப்பிள்ளை கையெழுத்துப் போட வேண்டும். பின்னால் ஒன்று குறைந்தாலும் அவன் சிறைக்குப் போக நேரலாம். கையெழுத்து விழாமல் கல்யாணம் இல்லை. வஜ்தியின் நண்பர்களில் என் எழுத்து திருத்தமாக இருக்கும் என்பதால் என்னை எழுத உட்காரவைத்திருந்தார்கள்.

கண்ணாடி அலமாரி, அதற்குள் யாரும் எந்நாளும் சாப்பிடப்போகாத எழுபத்திரண்டு தட்டுகள் என்று ரவுட்டர் வரை சுமுகமாகவே போனது. வஜ்திக்கு வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டுக் கூட்டங்களில் மொழிபெயர்த்துச் சொல்லும் வேலை. புது வீட்டில் வேகமான இணையம் இல்லையென்றால் வேலையும் இல்லை என்று வேலை தந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். அதற்காக அவன் எழுதிப்போட்டதன் பேரில், இணைய நிறுவனத்து ஆள் ஆதிஃப் அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தான்.

வஜ்தியின் அம்மா இன்ஷிராஹ் அவன் கையில் ஒரு கிளாஸ் தேநீரைத் திணித்தாள். வேகமான இணைப்பென்றால் ஒரு வீட்டுக்குள் என்னென்ன வேண்டும் என்று ஹாஜி கேட்டார். ஆதிஃப் நிதானமாகச் சொன்னான். பழைய ரவுட்டர் தாங்காது, புதியது வேண்டும். அதை ஹாஜி ஏற்கெனவே வாங்கிவிட்டார். மெல்லிய வயர் உதவாது, தடித்தது வேண்டும். சுவர்கள் கனமானவை, அதனால் படுக்கையறை வரை வைஃபை எட்ட இன்னொரு சின்னக் கருவி. மின்சாரம் போனால் சமாளிக்க ஒரு பேட்டரி.

அவன் சொல்லச் சொல்ல ஹாஜி என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். வயரை மீட்டர் கணக்கில் எழுதச் சொன்னார்.

"வயரு சுவத்துக்குள்ள போகப்போகுது ஹாஜி," என்றாள் இன்ஷிராஹ். "உங்க பொண்ணு கோவிச்சுக்கிட்டுப் போனா, சுவத்தப் பேத்து எடுத்துட்டுப் போவாளா?"

"சுவரு உங்களோடது, வஜ்தி அம்மா. வயரு எங்களோடது."

கல்யாணப் பெண் ரபாப் சோபாவின் ஓரத்தில் இருந்தாள். எதிரே வஜ்தி. நான்கு வருடம் ஒருவருக்கொருவர் காத்திருந்தவர்கள். வாய் திறந்தால் நீ யார் பக்கம் என்று கேட்பார்கள் என்பதால் இருவரும் திறக்கவில்லை. அன்று பேசப்பட்டதில் பாதி எனக்கு மறந்துபோனது. அவர்கள் பேசாமல் இருந்தது மறக்கவில்லை.

இன்ஷிராஹ் வயரை விட்டுக்கொடுத்தாள். பேட்டரியையும் விட்டுக்கொடுத்தாள். இன்னும் ஏதாவது உண்டா என்று ஹாஜி கேட்டார். ஆதிஃப் கொஞ்சம் யோசித்தான். சுவரில் மாட்டும் வெள்ளைப் பெட்டி ஒன்று உண்டு என்றான். கண்ணாடி இழையில் ஒளியாக வருவதை ரவுட்டருக்குப் புரியும்படி மாற்றித் தருவது. அது இல்லாமல் மற்றவை எதற்கும் உயிர் இல்லை. ஆனால் அது நிறுவனத்தின் சொத்து, இணைப்பை நிறுத்தினால் திரும்ப எடுத்துக்கொள்வார்கள்.

"எழுது," என்றார் ஹாஜி.

அது நிறுவனத்துடையது என்று நான் நினைவுபடுத்தினேன்.

"வீட்டுக்குள்ளதான இருக்கப்போகுது? வீட்டுக்குள்ள இருக்கறதெல்லாம் என் பொண்ணோடது."

இன்ஷிராஹ் கையிலிருந்த தேநீர்த் தட்டைக் கீழே வைத்தாள். "கம்பெனிக்காரன் பெட்டிய அவன் எடுத்துட்டுப் போவான். அதுக்கு என் புள்ள ஜெயிலுக்குப் போகணுமா? மாப்பிள்ளையாத்தான் குடுக்கறேன் ஹாஜி, உங்க சாமானுக்குக் காவக்காரனா இல்ல."

"அது இல்லன்னா மத்ததுக்கு உயிரில்லன்னு இன்ஜினியரே சொல்லிட்டாரு. உயிர உங்ககிட்ட விட்டுட்டு வெறும் பொணத்த எழுதி வாங்கிக்க நான் என்ன இளிச்சவாயனா?"

அதன் பிறகு இரண்டு குடும்பத்துப் பழைய கதைகளும் வெளியே வந்தன. அவருடைய தம்பியின் விவாகரத்து, அவளுடைய தங்கை வீட்டுத் திரைச்சீலை, எதுவும் மிச்சமில்லை. கடைசியில் ஹாஜி என் கையிலிருந்த தாளைப் பிடுங்கிக் குறுக்காகக் கிழித்தார். ரபாப் எழுந்து வஜ்தியைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். அவள் அப்பாவின் பின்னால் படியிறங்கிப் போனாள்.

இன்ஷிராஹ் சமையலறையில் கழுவிய கிளாஸ்களையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

வஜ்தி ஆதிஃபின் பக்கம் திரும்பினான். "அவதான் போயிட்டா, வேலையாவது மிஞ்சட்டும். அந்தப் பெட்டிய என்னைக்கு மாட்டுவீங்க?"

ஆதிஃப் பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து நீட்டினான்.

"எந்தப் பெட்டி? கண்ணாடி இழை மெயின் ரோட்டோட நின்னுடுச்சு சார். இந்தத் தெருவுக்கு நாப்பது வருஷத்துச் செம்புக் கம்பிதான். இணைப்பு தர முடியாதுன்னு சொல்லி, உங்க கையெழுத்து வாங்கிட்டுப் போகத்தான் வந்தேன். வேகமான இணைப்புக்கு என்னென்ன வேணும்னு கேட்டாங்க, சொன்னேன். இங்க கிடைக்குமான்னு யாரும் கேக்கல."

வஜ்தி கையெழுத்துப் போட்டான்.

அடுத்த வருடம் ரபாப் மன்சூராவில் ஒரு பல் மருத்துவரை மணந்தாள். வஜ்தி இப்போது ஒரு பயண நிறுவனத்தில் இருக்கிறான், தனியாக. ஹாஜியும் இன்ஷிராஹும் காலமாகிவிட்டார்கள். அந்தத் தெருவுக்குக் கண்ணாடி இழை இன்னும் வரவில்லை.