நூற்று இருபது மணி நேரம்

"எந்தக் கை?" என்று கேட்டார் கேம் கடைக்காரர்.

தம்பிக்கு கேம் வாங்க வந்த அக்காவுக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. தம்பி டயாலிசிஸ் கட்டிலில் படுத்துக்கொண்டுதான் விளையாடுவான், ஊசி ஏறிய கையை அசைக்கக்கூடாது என்று அவளேதான் சொல்லியிருந்தாள். ஊசி இடது கையில், வலது கை சும்மாதான் இருக்கும் என்றாள்.

மனிதருக்கு உற்சாகம் வந்துவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அந்தத் தெருவில் அவருக்கு 'லெவல்' என்று பெயர். கேள்வி கேட்காமல் ஒரு கேமும் விற்க மாட்டார். எங்கே விளையாடுவார், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எப்போது முடிக்க வேண்டும். பதில் சரியில்லை என்றால், போய் யோசித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிடுவார். இப்படி இருந்துகொண்டு கடையை எப்படி நடத்துகிறாரோ, அது அவருக்கே வெளிச்சம்.

ஜப்பான்காரன் செய்த ரோல் பிளேயிங் கேம்தான் இதற்குத் தோது என்றார். சுடுவதற்கும் குதிப்பதற்கும் இரண்டு கை வேண்டும். இதற்கு வேண்டாம். கேம் ஓடும் அந்தச் சின்ன கன்சோலைத் தலையணையில் சாய்த்து வைத்துவிட்டால் ஒரு கட்டைவிரல் போதும். நாலு பேர் கூட்டமாக ஊர் ஊராகப் போவார்கள், கதை பேசுவார்கள், சண்டை வரும். சண்டையிலும் ஒரு முறை உண்டு. முதலில் நாம், பிறகு அவன்.

"அவசரமே இல்லம்மா. நீங்க முடிவு பண்ற வரைக்கும் எதிரி கையைக் கட்டிக்கிட்டு நிப்பான்."

அவள் கைப்பையை இழுத்து இடுப்போடு இடுக்கிக்கொண்டாள்.

எப்போது முடிக்க வேண்டும் என்று லெவல் கேட்டார்.

அதில் தம்பி கறாராக இருப்பதை அவரிடம் சொன்னாள். சின்னதாக ஒன்று போதும், இருபது மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது. வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நாலு மணி நேரம். அக்காவின் டெஸ்ட் ரிப்போர்ட் இன்னும் இரண்டு வாரத்தில் வந்துவிடும். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார், அம்மாவுக்குச் சர்க்கரை, மிச்சம் இருப்பது அக்கா ஒருத்திதான். பொருந்திவிட்டால் அவளுடைய சிறுநீரகம் ஒன்று அவனுக்கு. அப்புறம் எதற்குக் கட்டில், எதற்கு கேம்?

உன்னுடையது எனக்குள்ளே வந்துவிட்டால் அங்கே இருந்துகொண்டும் என்னைத் திட்டுமே என்று வேறு கிண்டல் செய்திருந்தான். அவளும் சிரித்தாள். டெஸ்டுக்கு ரத்தம் எடுத்த அன்றே மயங்கி விழுந்தவள் அவள். நர்ஸ் இருவர் பிடித்துத்தான் பெஞ்சில் படுக்க வைத்தார்கள். அதை அவனிடம் சொல்லவில்லை.

லெவல் ஒரு பெட்டியை எடுத்து நீட்டினார். ஒரு சமையல்காரியும் அவள் வளர்க்கும் நரியும். கச்சிதமான கதை, பதினெட்டு மணி நேரத்தில் முடிந்துவிடும், அழாமல் முடித்தவர்கள் கிடையாது.

அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, இருப்பதிலேயே பெரியது எது என்று கேட்டாள்.

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு மேல் தட்டிலிருந்து ஒன்றை இறக்கினார். ஏழு தேசம், முப்பது கூட்டாளிகள், நூற்று இருபது மணி நேரம்.

அவள் வேலை செய்வது திரைச்சீலை தைக்கும் கடையில். ஜன்னலைப் பார்த்ததுமே இத்தனை மீட்டர் துணி என்று சொல்லிவிடுகிற தலை அவளுடையது. கணக்கு தானாகவே ஓடியது. முப்பது தடவை டயாலிசிஸ். பத்து வாரம்.

இதைக் கொடுங்கள் என்றாள்.

லெவல் கொடுக்கவில்லை. தம்பி கேட்டது சின்னது, பெரியதைக் கொடுத்தால் பாதியில் நிற்கும், பாதியில் நிற்கிற கேமை விற்பது எனக்குப் பிடிக்காது என்றார்.

"ரிப்போர்ட் எப்ப வரும்னு யாருக்குண்ணா தெரியும்? நடுவுல கேம் முடிஞ்சுபோச்சுன்னா, அவன் விட்டத்தையே பார்த்துக்கிட்டுப் படுத்திருக்கணும்."

அவர் முகம் இளகிவிட்டது. இப்படி ஓர் அக்கா தனக்கு வாய்க்கவில்லையே என்று சொல்லிக்கொண்டே உறை போட்டுக் கொடுத்தார். அவள் அதை வாங்கிக்கொண்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் வெளியே வந்தாள்.

தெருவில் இறங்குவதற்குள் தம்பியின் போன். சின்னதுதானே வாங்கினாய் என்றான். சின்னது தீர்ந்துபோய்விட்டது என்றாள். சரி, பெரியதாகவே இருக்கட்டும் என்று சிரித்தான். பிறகு, தினமும் கேட்கிற மாதிரியே, போகிற போக்கில் கேட்பதுபோல, ரிப்போர்ட் வந்துவிட்டதா என்றான்.

"இன்னும் வரலடா."

போனை வைத்த பிறகும் அவள் அங்கேயே நின்றாள். அவனைத் தூக்கி வளர்த்தவள்தான். அவன்மேல் உயிரையே வைத்திருந்தாள், அதில் பொய் இல்லை. பயமும் பொய் இல்லை.

பெட்டி கைப்பைக்குள் போகவில்லை. இடம் பண்ணுவதற்காக உள்ளே இருந்த ஆஸ்பத்திரிக் கவரை வெளியே எடுத்தாள். பதினோரு நாளாகப் பிரித்துப் பிரித்து மடித்ததில் உள்ளே இருந்த தாள் மடிப்பில் கிழிய ஆரம்பித்திருந்தது. 'பொருந்துகிறது' என்ற சொல்லுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

கவரை இன்னும் ஒரு மடிப்பு மடித்து, பெட்டிக்கு அடியில் செருகி, ஜிப்பை இழுத்து மூடினாள்.