அந்தோனியாருக்குப் பின்னால் ஒரு பெட்டி

"பெட்டை எப்பிடி எண்டு நீதான் ஒளிக்காமல் சொல்லோணும், ஐறீன்," என்றாள் நீர்கொழும்பிலிருந்து டெலிபோனில் மாப்பிள்ளை வீட்டு நேசம். "விடியக்காலமை சாப்பாடு கட்டி ஆரோ ஒரு ஆம்பிளைக்குக் குடுக்குதாமே? மெய்யெண்டா எங்கட ரெனால்டுக்கு இந்தச் சம்பந்தம் வேண்டாம். நாளைக்குப் பின்னேரம் எடுக்கிறன்."

கொட்டாஞ்சேனையில் பெண் கேட்க வருகிறவர்கள் முதலில் பெண்வீட்டுக் கதவைத் தட்டுவதில்லை; எதிர்வீட்டுக்கு டெலிபோன் எடுப்பார்கள். எதிர்வீடு ஐறீனுடையது என்றால் வேறெங்கும் விசாரிக்கத் தேவையில்லை.

அந்தச் சாப்பாட்டுக் கதையைக் கோயில் வாசலில் முதலில் அவிழ்த்துவிட்டவளே ஐறீன்தான். அது நீர்கொழும்பு வரை போய்த் தன்னிடமே திரும்பி வரும் என்று அவள் நினைக்கவில்லை. எதிர்வீட்டு டெனிஷா தகப்பன் இல்லாத பிள்ளை. தாய் ஆஸ்பத்திரியில் இரவு வேலை செய்து, இந்தக் கல்யாணத்துக்காகத்தான் வாயைக் கட்டிச் சேர்த்து வைத்திருக்கிறாள். ஐறீனுக்கு மனம் கேட்கவில்லை. ஆனால் அந்த ஆள் யாரென்று தெரியாமல் நித்திரையும் வரவில்லை.

விடிந்ததும் குசினி ஜன்னலைத் திறந்தாள். இரண்டு மாடிவீட்டுக்கும் நடுவில் காற்று வரும் இடுக்கு மட்டும்தான். எதிர்க் குசினியில் டெனிஷா கையை நனைத்து, உப்பைத் தொட்டு, சோற்றை முக்கோணமாய்ப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன மகள், சோத்துக்குக் கறுப்புக் கடுதாசி சுத்துறாய்?"

"கடுதாசி இல்லை அன்ரி, கடல்பாசி. எங்கட ஒஃபிஸ் ஜப்பான் மிஸ் பழக்கினவ."

முட்டையை மெல்லிசாய் ஊற்றி, பாய் சுருட்டுவதுபோல் சுருட்டி, துண்டு துண்டாய் வெட்டினாள். சுட்ட மீன் ஒரு துண்டு. வினாகிரியில் ஊறிய கெக்கரிக்காய். கொஞ்சம் அவித்த போஞ்சி. எல்லாம் ஒரு கைக்குள் அடங்கும் பெட்டிக்குள் போயின.

"பால் விட்ட கறி?"

"இல்லை அன்ரி."

"சம்பல், பொரியல்?"

"ஒண்டும் இல்லை."

"ஐயோ, இதைத் தின்னுற மனுஷன் பாவம்."

டெனிஷாவின் கத்தி நின்றது. "மனுஷன் எண்டு ஆர் சொன்னது?" என்றாள் முகம் சிவக்க. பிறகு சிரித்தாள். "ருசியெண்டா உங்கட கைதான் அன்ரி. அந்தக் கருவாட்டுக் குழம்புக்கு ஈடே இல்லை."

ஐறீன் குளிர்ந்துபோனாள். முப்பது வருஷமாய் அவள் புருஷன் றேமண்டும் இதைத்தான் சொல்கிறார். மூன்று மாதத்துக்கு முன் அவருக்குச் சீனி வருத்தம் ஏறி, "சோத்தைக் குறையுங்கோ, இல்லாட்டி ஊசிதான்" என்று டொக்டர் பயமுறுத்தினார். ஐறீன் குறைக்கவில்லை. துறைமுகத்தில் வேலை செய்கிற மனுஷன் அரை வயிற்றோடு இருப்பதா? லஞ்ச் ஷீற்றில் சோற்றைக் குவித்துக் கட்டிக் கொடுத்துவிட்டு, அந்தோனியாருக்கு ஒன்பது செவ்வாய் நேர்ந்தாள். சீனி சடசடவென்று இறங்கிவிட்டது! றேமண்டுக்கும் பக்தி முற்றிவிட்டது; இப்போதெல்லாம் கீழே வாசல் சுரூபத்தின் முன் நின்று கும்பிடாமல் வேலைக்குப் போவதில்லை.

ஏழு மணிக்கு டெனிஷாவின் கதவு திறந்தது. ஐறீன் படித் திருப்பத்திலிருந்து எட்டிப் பார்த்தாள். பெட்டை பூனைபோல் இறங்கி, அந்த அந்தோனியாருக்குப் பின்னால் பெட்டியைச் செருகிவிட்டு, உடுப்பு மாற்ற மேலே ஓடி வந்தாள்.

புனிதரையே தரகராக்கிவிட்டாளே!

வருகிறவனைக் கையும் களவுமாய்ப் பிடிக்க வேண்டும். ஐறீன் உள்ளே பாய்ந்து, றேமண்டின் பார்சலை அவசரமாய்ச் சுற்றி, அவர் கையில் திணித்தாள்.

"கணவாய்க் கறி வாசம் தூக்குது!" என்றார் அவர்.

"போங்கோ, போங்கோ, பஸ் போயிரும்."

அவரை அனுப்பிவிட்டு, தலைமுடியைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு அவள் இறங்கி வந்தபோது டெனிஷாவும் வேலைக்குப் போய்விட்டிருந்தாள்; பெட்டியையும் காணவில்லை. வாசலில் காவற்காரர் ஹுசைன் மட்டும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

"வெளி ஆள் ஆரும் வந்ததோ?"

"ஒத்தரும் வரல்ல மேடம்."

ஹுசைனுக்கு எழுபது வயது. இருந்தாலும் ஐறீன் அவரை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டுத்தான் படியேறினாள். பகல் முழுக்க அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நேசத்துக்கு என்ன சொல்வது? உண்டென்றால் ஒரு கல்யாணம் குழம்பும். இல்லையென்றால் பொய்.

பின்னேரம் றேமண்ட் வந்து சப்பாத்தைக் கழற்றினார்.

"ஐறீன், இண்டைக்குக் கணவாய் அந்த மாதிரி! விரலையும் சேர்த்துச் சாப்பிட்டனான்."

சந்தோஷத்தோடு தேத்தண்ணி போட அடுப்படிக்குத் திரும்பினாள் ஐறீன். அடுப்பில் காலையில் மூடிய கறிச்சட்டி. திறந்தாள். கணவாய் ஒரு துண்டுகூடக் குறையாமல் நிறைந்து கிடந்தது. காலை அவசரத்தில் அவள் கட்டியது வெறுஞ்சோறு.

அதே நேரம் வாசலில் டெனிஷா தலையை நீட்டினாள். "அன்ரி, சுகமில்லையோ? இண்டைக்கு நான் பிரிச்ச பார்சலில கறியே வைக்க..." கதிரையில் றேமண்டைக் கண்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். றேமண்ட் அவசரமாய்ப் பேப்பருக்குள் முகத்தைப் புதைத்தார். பேப்பர் தலைகீழாய் இருந்தது.

டெலிபோன் அடித்தது.

"சொல்லு ஐறீன், அந்தப் பெட்டை சாப்பாடு குடுக்கிறது மெய்யோ?"

ஐறீன் பேப்பரைப் பார்த்தாள். மூன்று மாதத்தில் இரண்டு துளை உள்ளே போயிருந்த அவருடைய பெல்ற்றைப் பார்த்தாள்.

"மெய்தான் நேசம். ஆனா ஒண்டுக்கும் பயப்பிடாதே, பிள்ளை தங்கம். சாப்பிடுற ஆளை எனக்கு முப்பது வருஷமாத் தெரியும். இண்டைக்கு ராவு அவருக்கு ஒரு சட்டி கணவாய்க் கறி இருக்கு."